பி.ஏ. இசை: சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "சார், பொண்ணு நல்லாப் பாடுறா. பி.ஏ. மியூசிக்ல சேத்துவிடலாமா?" நான் பள்ளியில் பாட்டு வாத்தியார், குரலிசையில் இளங்கலை முடித்தவன். ஆளுக்கு ஆள் போனில் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். கல்லூரியின் பெயரைப் போடப்போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். வேறு இசைக் கல்லூரிகளில் படித்த நண்பர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு: ஐந்துக்கு மூன்றரை. சேர்த்துவிடுங்கள். ஆனால் இப்போது பாட்டு சொல்லித்தருகிற டீச்சரை நிறுத்திவிடாதீர்கள். "அதான் காலேஜ்லயே சொல்லித்தராங்களே, தனியா வேற எதுக்கு ஃபீஸ்" என்று கேட்டால், கீழே இருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாகப் பிடிக்கும் ஸ. சேர்க்கைக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எங்கள் வகுப்பில் பதினான்கு பேர், அதில் பையன்கள் மூன்று பேர். அந்த ஸ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் கூடினால் சுருதி மேலே. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. டீச்சருக்கு ஐந்து. எனக்கு ஒரு கட்டை. வகுப்பில் ஒரே சுருதிப்பெட்டி. அது எந்தக் கட்டையில் ஓடியிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஐந்து கட்டையில் என் மாதிரி ஆள் பாடுவதற்கு இரண்டே வழி. கீழே பிடித்தால் அவர்களுடைய மத்திய ஸட்ஜம், அதாவது நடு ஸ, எனக்கு மந்தர பஞ்சமம், அதாவது கீழ் வரிசையின் ப. அதற்கும் கீழே இறங்கச் சொன்னால் சத்தம் வராது, காற்றுதான் வரும். மேலே பிடித்தால் அவர்களுடைய தார ஸட்ஜம், அதாவது மேல் ஸ, என் தார பஞ்சமத்தில், மேல் வரிசையின் ப-வில், போய் உட்காரும், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். அதனால் மோகன ராக வர்ணத்தில் முதல் பகுதியான பல்லவியை மேலே ஆரம்பித்து, அடுத்து வரும் அனுபல்லவியில் மூச்சு முட்டியதும் வரியின் நடுவிலேயே ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வர வரிசை ஒன்று, கீழே குதிப்போம், மூன்று பேரும் ஒரே இடத்தில் குதிக்க மாட்டோம். டீச்சர் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். ஆனால் குரல் உருவாகிற வயதில் முதல் இரண்டு செமஸ்டர் அப்படியே போனது.

பையனைச் சேர்க்கிற பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது: குரலிசைத் துறையில் ஆண் ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால் பையன்களுக்குத் தனி பீரியட் உண்டா? எங்களுக்கு இரண்டாம் வருடத்தில் ஒரு சார் மாற்றலில் வந்தார். சனிக்கிழமை காலையில் எங்கள் மூவரையும் தனியாக உட்காரவைத்து, பெட்டியை ஒரு கட்டையில் வைத்து, 'ஆ' என்று மட்டும் பாடிப் பழகும் அகார சாதகத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். டைம்டேபிளில் இல்லாத வகுப்பு அது. அவர் வராமல் போயிருந்தால் இந்த மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்திருப்பேன்.

அடுத்தது பெல். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு பெல். வரலாறோ பொருளாதாரமோ படித்தால் இது பிரச்சினையே இல்லை. ராகம் பாடுகிற வகுப்புக்கு இது சரிப்படாது. தோடி ராகத்தில் ஆலாபனை, அதாவது தாளம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது, எடுக்கிறோம் என்று வையுங்கள். அட்டென்டன்ஸ், சுருதி சேர்ப்பது, போன வகுப்பில் வராதவர்களுக்கு விட்டதைச் சொல்வது எல்லாம் போக அரை மணி நேரம் மிஞ்சும். டீச்சர் ராகத்தின் ஒரு சின்னத் துண்டை, ஒரு பிடியை, பாடுவார், வரிசையாக எல்லோரும் திருப்பிப் பாட வேண்டும். பதினான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் காந்தாரம் (க) அசைகிற அசைவு சரியில்லை என்று அவர் கண்டுபிடித்து, நிறுத்தி, மறுபடி பாடிக்காட்டி, நீங்கள் பாடி, அப்படியும் வராமல் இன்னொரு முறை பாடி... பெல் அடித்துவிடும். அடுத்த வகுப்பு சிலப்பதிகாரத்தில் இசை. எல்லோரும் நோட்டை மாற்றிக்கொண்டு உட்காருவோம்.

குருவின் வீட்டில் ஒரு சங்கதிக்கு, அதாவது ஒரு வரியைக் கொஞ்சம் மாற்றிப் பாடும் விதத்துக்கு, ஒரு காலைப்பொழுது முழுவதும் போகும், யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். அதை நினைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகாதீர்கள். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. பதினான்கு பேரில் ஒருத்தி அரங்கேற்றம் முடித்துவிட்டு வந்தவள். இன்னொருவன் மாவட்ட இசைப்பள்ளியில் தேவாரம் படித்தவன். இரண்டு பேர் வேறு எந்தக் குரூப்பிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள், ஸரிகமபதநி என்று சேர்ந்தாற்போல் பாடியதே அங்கேதான். எல்லோருக்கும் முதல் செமஸ்டரில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள்தான். அரங்கேற்றப் பெண் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் இருக்கும் இருவரும் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்காக வேகத்தை வைப்பது?

இங்கே ஒரு பழங்கதை சொல்லிக்கொள்கிறேன். இசையைக் கல்லூரியில் சொல்லித்தரலாம் என்று நம் பக்கத்தில் தொடங்கியபோது, அதற்கு ஆட்களைப் பிடித்த விதமே வேறு. 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார்; டைகர் வரதாச்சாரியார் அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1939இல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்தபோது முதல்வர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1949இல் சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரிக்கு முசிறி சுப்பிரமணிய ஐயர். சீர்காழி கோவிந்தராஜன் பெயருக்கு முன்னால் எல்லா போஸ்டரிலும் இருந்த 'இசைமணி', சென்னைத் தமிழிசைக் கல்லூரியில் அவர் படித்து வாங்கிய பட்டம். மேடையில் பாடிக்கொண்டிருந்த ஆட்கள் வகுப்புக்கும் வந்தார்கள். அவர்களிடம் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். பெரிய குருவிடம் படித்து, வானொலியில் 'ஏ' கிரேடு வாங்கிய கலைஞரை நெட், பிஎச்.டி. இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நான் படித்த இடத்தில் அந்த வழியாக வந்தவர் ஒருவரும் இல்லை. இருந்தவர்களில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். சம்பளம் எப்போது வரும் என்ற கவலையோடு பைரவி சொல்லிக்கொடுத்தார்கள், அதையும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். இது எங்கள் கல்லூரிக்கு மட்டும் உள்ள வியாதி கிடையாது.

சரி, நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது: தியரி.

வெளியே பாட்டு கற்றுக்கொள்ளும்போது தியரி என்றால் ஆரோகணம் அவரோகணம் எழுதிக்கொள்வதோடு சரி. கல்லூரியில் முதல் வருடமே, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையை நடத்தினார்கள். மாயாமாளவகௌளை என்ற பெயரில் முதல் இரண்டு எழுத்து மா, யா. மா என்றால் 5, யா என்றால் 1. 51ஐத் திருப்பிப்போட்டால் 15, எழுபத்திரண்டு தாய் ராகங்களின் பட்டியலான மேளகர்த்தாவில் அதன் எண். சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர'வும் கல்யாணிக்கு முன்னால் 'மேச'வும் ஏன் ஒட்டிக்கொண்டன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எண் சரியாக வர வேண்டும் என்பதற்காக. எழுபத்திரண்டு ராகத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் ஸ்வரத்தைச் சொல்லிவிடலாம். பத்து வருடம் பாட்டு கற்றுக்கொண்டவன் இதை ஒரு மத்தியான வகுப்பில் தெரிந்துகொண்டேன்.

அதைவிடப் பெரியது பண் வகுப்பு. பண் என்றால் தேவாரத்தின் பழைய ராகம். தேவாரம் படித்துவந்த பையன் என்று சொன்னேனே, அவன் அப்பா கோயிலில் ஓதுவார். தியரி அம்மா பண்களின் பட்டியலைப் போர்டில் எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நான் சொல்றதைவிட நீ பாடுப்பா" என்று அவனை முன்னால் கூப்பிட்டுவிட்டு, அவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவன் செவ்வழி என்று ஆரம்பித்ததும் எங்களுக்கு யதுகுல காம்போதி ராகம் கேட்டது. கொல்லி என்றான், நவரோஸ். மேகராகக் குறிஞ்சி என்றான், நீலாம்பரி. தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடுகிற இடத்தில் அவன் மூச்சை எங்கே வாங்கினான் என்பதே தெரியவில்லை. அரங்கேற்றப் பெண் அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இந்த மாதிரி ஒரு வகுப்பு தனி டீச்சரிடம் நடக்காது, யூடியூபிலும் நடக்காது. ஓதுவார் வீட்டுப் பையனும் சபா பாட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் கல்லூரியைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

தியரி பரீட்சை மட்டும் வேறு ரகம். "வீணையின் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்பது வராத வருடமே இல்லை என்பார்கள் சீனியர்கள். குடம், தண்டி, யாளி முகம், சுரைக்காய், இருபத்துநான்கு மெட்டு, லங்கர், நாகபாசம். வீணையைத் தொட்டே பார்க்காதவர்களும் இதில் முழு மார்க் வாங்கினார்கள். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு ஜெராக்ஸ் நோட்ஸ் கைமாறிக்கொண்டே இருக்கும். மூவரும் திருவாரூரில் பிறந்தார்கள் என்று ஆரம்பிக்கும், எல்லாருடைய விடைத்தாளும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

தம்புராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் துறையில் நான்கு தம்புரா இருந்தது, நான்கும் பீரோவுக்கு மேல் உறைபோட்டுத் தூங்கின. சாதகத்துக்கு எல்லோரும் போனில் சுருதி ஆப் வைத்துக்கொண்டுதான் பாடினோம். சனிக்கிழமை சார் ஒருநாள் அதில் ஒன்றை இறக்கச் சொன்னார். பஞ்சமம், சாரணி, அநுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தியையும் பிரடையை (முறுக்காணி) திருகிக் கிட்டத்தில் கொண்டுவந்து, தந்தியில் கோத்த மணிக்காயைத் தள்ளித் தள்ளி மிச்சத்தைச் சரிசெய்தார். அப்போதும் தந்தி 'டொங் டொங்' என்று செத்த ஒலிதான் கொடுத்தது. பிறகு வேட்டி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் கொடுத்து, நகத்தால் மெல்ல நகர்த்தினார். ஓர் இடத்தில் தந்தி ரீங்காரம் போட ஆரம்பித்தது. நூல் அதற்கு மேல் ஒரு மயிரிழை நகர்ந்தால் போய்விடுகிறது, திரும்ப வந்தால் வருகிறது. அதற்குப் பெயர் ஜீவாளி. "இப்ப நீ பண்ணு" என்று என்னிடம் கொடுத்தார். மந்தர ஸட்ஜத் தந்தியில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கிறது என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருந்தேன். காதால் கேட்டது அன்றைக்குத்தான். ஆப்பைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் பள்ளியில் அதைத்தான் வைத்துக்கொண்டு பாடுகிறேன். ஆனால் கல்லூரியில் சேர்ந்தால் அந்தப் பீரோ மேலிருப்பதை யாரையாவது கெஞ்சி இறக்கவையுங்கள்.

பிராக்டிகல் பரீட்சை பயப்படுகிற அளவுக்கு இருக்காது. வெளியிலிருந்து ஓர் எக்ஸ்டர்னல் வருவார். நாம் பாடத் தெரிந்த பாட்டுகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அவர் அதில் விரலை வைத்து ஒன்றைக் கேட்பார், அனுபல்லவி முடிவதற்குள் "போதும்" என்பார். அப்புறம் கல்பனாஸ்வரம், ஸ்வரங்களை அங்கேயே கற்பனையாகக் கோத்துப் பாடுவது. இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தாளத்தில் வந்து இறங்கிவிட்டால் பாஸ். வீட்டில் தனியாகக் கற்றுக்கொண்டவர்களுக்கும் அப்படிக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று தெரியும். மார்க்கில் அவ்வளவு தெரியாது, அது இன்னொரு கூத்து.

எனக்குக் கல்லூரி கொடுத்ததில் இன்றுவரை சோறு போடுவது பக்கவாத்திய நண்பர்கள். வயலின் டிபார்ட்மென்ட் எதிர் அறை, மிருதங்கம் படிக்கட்டுக்குக் கீழே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடிட்டோரியம் பின்பக்கத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் பாடலாம், யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், டீச்சர் இருக்க மாட்டார். மிருதங்கத்துப் பையன் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவை பூசிக்கொண்டே, "அண்ணே, நீங்க அனுபல்லவில ஓடுறீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வான். டீச்சர் சொன்னால் ரோஷம் வரும், அவன் சொன்னால் வராது. காலப்பிரமாணம், அதாவது வேகம் மாறாமல் பாடுவது, எனக்கு அந்தத் திண்ணையில்தான் நின்றது. மார்கழியில் கோயில், வைகாசியில் கல்யாண ரிசப்ஷன் என்று நாங்கள் சேர்ந்து போக ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

வேலை விஷயம் நேராகச் சொல்கிறேன். கல்லூரி வாத்தியார் ஆக வேண்டுமென்றால் பி.ஏ. போதாது, எம்.ஏ., நெட், இப்போதெல்லாம் பிஎச்.டி.யும் இருந்தால்தான் பேச்சு. அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணிக்குத் தேர்வு எப்போது வரும் என்பது பெரிய விஷயம். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர், பிறகு டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் படிக்கும்போதே முடித்துவைத்துக்கொள்வது நல்லது. வானொலி ஆடிஷனில் 'பி' கிரேடு வாங்கினால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், மாதச் சம்பளம் வராது. தனியார் பள்ளிகள்தான் உடனே எடுத்துக்கொள்கின்றன. அங்கே என் முதல் வாரமே ஆண்டுவிழா ஒத்திகை. "சார், கீபோர்டுல கார்ட்ஸ் போட்டுடுங்க, மைக் செட்டிங்கும் பாத்துக்கங்க" என்றார்கள். மூன்று வருடப் பாடத்திட்டத்தில் கீபோர்டும் கிடையாது, மைக்கும் கிடையாது. பல்லவியில் வேகத்தை மாற்றிப் போடும் கணக்கான அனுலோமம் பிரதிலோமம் செய்யத் தெரிந்தவன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரேயர் பாட்டுக்கு எந்த கார்ட் என்று தேடிக்கொண்டிருந்தேன். சவுண்ட், ரெக்கார்டிங், மேற்கத்திய இசை இவைதான் வேண்டுமென்றால் இந்தப் படிப்பு அதற்கானது கிடையாது. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரியான இடங்களைப் பாருங்கள், செலவையும் விசாரித்துவிட்டு.

எங்கள் கல்லூரியில் ஃபீஸ் பெரிய தொகை கிடையாது, இன்ஜினியரிங்குக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஹாஸ்டல் சாப்பாடு எல்லா ஹாஸ்டல் சாப்பாடும் போலத்தான். ஆனால் விடிகாலையில் சாதகம் செய்ய வார்டன் விடுவாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விடுதியில் ஆறு மணிக்கு முன்னால் சத்தம் கூடாது. இசைக் கல்லூரி விடுதியில்!

கடைசியாக, யாரும் கேட்காமலே நான் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. குரலிசைக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வீணைப் பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். எங்கள் வருடத்தில் வீணை மெயினாக எடுத்தவர்கள் நான்கே பேர். அதே நாற்பத்தைந்து நிமிடம் அவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து விரலைப் பிடித்துத் திருத்துவார் டீச்சர், சுருதிச் சண்டையும் இல்லை. பாட்டும் சேர்ந்தே வரும், வாயால் பாடாமல் அங்கே எதையும் வாசிக்க விட மாட்டார்கள். சேர்ந்த உடனே சொந்த வீணை வாங்க ஓடாதீர்கள். முதல் வருடம் கல்லூரி வீணையில் வாசிக்கட்டும். அதற்குள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகினால் வந்து மேளம் போட்டுக்கொடுக்க, அதாவது மெட்டுகளைத் திரும்பச் சுருதிக்குப் பதித்துக்கொடுக்க, ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவையுங்கள். ஆள் இல்லாத ஊரில் நல்ல வீணை வாங்கியும் பிரயோஜனம் இல்லை, கோடையில் வீணையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏற வேண்டிவரும்.